கோம்பை நாயும் என் வெப்சைட்டும்

எனக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது என்று என் அப்பா வெளியில் சொன்ன நாளில் எனக்கு வெப்சைட்டே கிடையாது.

அப்பாவுக்குப் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற மூட்டைகளைப் பிரித்து, காயைப் பருமன் பார்த்து ரகம் பிரிப்பவர்களை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். ஒரு திங்கட்கிழமை அந்த மண்டிக்கு ஒரு மலையாளத்து அம்மா முதல் தடவையாக வந்திருக்கிறார். போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் அவருக்கு ஏலத்தோட்டம். சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்குத் தோட்டத்துக்குள்ளேயே சில அறைகளும் கட்டி விட்டிருக்கிறார். மண்டி மேசையில் கிடந்த ஏலக்காய்ப் பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் செய்த டிசைன் என்று கேட்டாராம்.

அது நான் செய்தது. அப்பா சும்மா இருப்பாரா? எம் மகதான் என்று ஆரம்பித்து, சின்ன வயதில் நான் வீட்டுச் சுவரில் கிறுக்கியது வரைக்கும் சொல்லியிருப்பார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பெயர்ப் பலகை, பாக்கெட், அறைக்குள் வைக்கும் அட்டைகள், வெப்சைட் என்று தோட்டத்துக்கு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வருடம் முழுக்க இழுக்கிற வேலை. கொச்சியிலிருந்து சிலர் ஏற்கெனவே தங்கள் வெப்சைட்டை அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்க விமானம் ஏறுகிறார், அதற்குள் ஒருவரை முடிவு செய்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு வெப்சைட் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"இருக்குங்கம்மா. இப்பச் சின்ன ரிப்பேர் வேல நடக்குது. வெள்ளிக்கெழம தெறந்துரும்" என்று சொல்லி, அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே பேனாவால் முகவரியையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அப்பா.

முகவரி பொய்யில்லை. தேனியில் நான் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடையை விட்டு வெளியே வந்தபோது, இனிமேல் நான் யாருக்கும் ஆள் இல்லை, என் வேலை என் பெயரில் என்ற மிதப்பில், இணையத்தில் என் பெயருக்கு ஒரு முகவரி வாங்கிப் போட்டிருந்தேன். காலி மனை வாங்கிக் கல் நட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. அதற்கப்புறம் ஒரு வருடமாக அங்கே ஒரு செங்கல் ஏறவில்லை. யாராவது போய்ப் பார்த்தால் வெள்ளைப் பக்கத்தில் 'விரைவில்' என்ற ஒரே ஒரு வார்த்தை இருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என்னவோ ரேஷனில் சர்க்கரை போட்ட செய்தி மாதிரி இதை அப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவர் போன் நம்பரை வாங்கினீர்களா என்று கேட்டேன்.

"பெரிய எடத்துப் பொம்பள. மொதத் தடவ பாக்குறவுகட்ட எப்பிடித்தா நம்பர் கேக்குறது?" என்றார் அப்பா. அவரைப் பொறுத்தவரை அதுதான் மரியாதை. ஆக, அந்த அம்மாவிடம் போகிற வழி எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் வருகிற வழி மட்டும்தான் உண்டு, அந்த வழியையும் நான் இனிமேல்தான் கட்ட வேண்டும்.

நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனி என்னை வேலைக்கு எடுத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடமாக வீட்டிலிருந்தபடி நான் செய்துகொண்டிருந்ததெல்லாம் காதுகுத்து பேனர், திராட்சைப் பெட்டிக்கு லேபிள், எப்போதாவது ஒரு பாக்கெட். முகூர்த்த மாதத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, ஆடியில் ஈ ஓட்ட வேண்டும். பெரிய வேலை ஒன்று, நின்று நிதானமாகச் செய்கிற வேலை, என் பெயரைத் தேடி வந்தால் இங்கேயே இருப்பேன். வராவிட்டால் பெங்களூருக்குப் போவேன். வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம் இது.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஊர்ப் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இந்த ஊரைத் திட்டாத நாளே எனக்குக் கிடையாது. அங்கே போனால் ஏதோ ஒரு பேங்க் ஆப்பில் பொத்தான் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று பத்துப் பேர் கூடிப் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். இங்கே ஒரு கடைக்காரர் எதிரில் உட்கார்ந்து, அவர் சரக்கை முகர்ந்து பார்த்து, அதற்கு ஒரு முகம் வரைந்து கொடுக்கிறேன். இதன் ருசி கண்டவளுக்கு அது இறங்காது.

அப்பாவோ நான் போவதில்தான் குறியாக இருப்பது போலத் தெரிந்தது. மண்டியில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. தேனி பஜாரில், தனக்குப் பழக்கமான கடையில், சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். உருட்டிப் பார்க்கலாம் என்று நான் பிளாஸ்டிக் கவரில் கை வைத்ததும், "அதப் பிரிக்காத. அப்பிடியே இருக்கட்டும், அழுக்காயிரும்" என்று வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கே கவர் போட்டுத்தான் வைப்போம் என்பதால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தேன். முதலில் நான் போட்ட முகப்புப் பக்கத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு மூலையிலும் பூ வேலைப்பாடு, நடுவில் தங்க நிற எழுத்து, பின்னால் ஊதாவும் சிவப்பும் கலந்த வானம். அசல் காதணி விழா பேனர். தாய்மாமன் படம் மட்டும்தான் பாக்கி. ஃப்ளெக்ஸ் கடைப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போகாது. அந்தக் கடையில் காலி இடம் என்ற ஒன்றே கிடையாது. உள்ளங்கை அகலம் சும்மா கிடந்தாலும், "இங்கன எங்க மச்சினன் படத்தப் போட்ரு தங்கச்சி" என்று பாக்கெட்டிலிருந்து ஒரு பாஸ்போர்ட் போட்டோவை எடுத்து நீட்டுவார்கள். ஒருவர் முகம் விட்டுப் போனால் பந்தியில் சண்டை வரும். யார் முகம் யார் முகத்தைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதில் நான் முனைவர் பட்டமே வாங்கியிருக்கலாம்.

அத்தனையையும் அழித்தேன். வெள்ளைப் பக்கம். அதன் நடுவில் அந்த ஏலக்காய்ப் பாக்கெட் மட்டும். கீழே என் பெயர். அவ்வளவுதான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இடத்தைச் சும்மா விட்டேன். கேட்க ஆளில்லாத அந்த வெள்ளையைப் பார்த்தபோது தலை லேசாகக் கிறுகிறுத்தது.

அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு எடம் காலியாக் கெடக்கே. அப்பா படத்தப் போடலாம்ல?" என்றாள். அவள் கேட்டதில் அவளைப் பொறுத்தவரை ஒரு தப்பும் இல்லை.

யோசித்து யோசித்துச் செய்தது தொடர்புப் பக்கம்தான். போன் நம்பர் போடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். ஃப்ளெக்ஸ் கடையில் இருந்தபோது பேனர் மூலையில் 'டிசைன்' என்று போட்டு என் நம்பரையும் கொஞ்ச நாள் அச்சடித்தோம். பேனரைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நம்பருக்குப் பதில் ஒரு ஃபாரம் வைத்தேன். இலவசமாகக் கிடைக்கிற ஒரு சேவை. யாராவது நிரப்பி அனுப்பினால் என் போனுக்கு மெயிலாக வந்து மணி அடிக்கும். பெயர், ஊர், என்ன வேலை ஆக வேண்டும், உங்களைத் தொடர்புகொள்ள போன் நம்பர். இவ்வளவுதான் கேட்டிருந்தேன். வேறெங்காவது இருக்கிறவள் ஊரைக் கேட்டிருக்க மாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் எந்த ஊர் என்பதில்தான் ஆரம்பிக்கும், கை தானாகவே எழுதிவிட்டது.

பிறகு படங்கள். செய்த வேலையைக் கம்ப்யூட்டரில் காட்டுவதைவிட, அது வெயிலிலும் தூசியிலும் நிற்கிற இடத்தில் படமெடுத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். புதன்கிழமை காலையில் தேவாரம், பண்ணைப்புரம் வழியாகக் கோம்பைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். அங்கே கோம்பை நாய் வளர்த்துக் குட்டி விற்கிற ஒருவருக்கு நான் ஒரு போர்டு செய்து கொடுத்திருந்தேன். செந்நிற நாய், கறுத்த மூக்கு, தலை மட்டும் பெரிதாக. காது சரியாக வரவில்லை என்று அவர் என் படத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. திரும்பத் திரும்பப் போய், நாயின் எதிரில் உட்கார்ந்து வரைந்து வரைந்து, ஒருநாள் அவர் "ம்" என்றார். என் வேலைகளில் எனக்கு அதுதான் செல்லம்.

அந்தப் போர்டில் ஒரே ஒரு குறை. நாய்த் தலைக்குச் சமமாகக் கீழே அவருடைய போன் நம்பர் இருக்கும். சின்னதாகப் போடலாம் என்று அன்றைக்கு நான் எவ்வளவோ வாதாடினேன். இந்தப் பள்ளத்தாக்கில் நம்பர் சிறுத்த போர்டை யாரும் போர்டு என்றே சேர்ப்பதில்லை. ரோட்டில் பைக்கில் போகிறவன் கண்ணுக்கு நம்பர் விழவில்லை என்றால் எதற்குப் போர்டு என்பது அவர் கட்சி.

படமெடுத்துவிட்டு, வெப்சைட்டில் போடும்போது நம்பரை மங்கலாக்கிவிடுகிறேன், எல்லோருடைய படத்திலும் அப்படித்தான் செய்கிறேன், அதுதான் முறை என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்பர மறச்சா அது எம் போர்டே இல்லத்தா. எந் நாய மட்டும் பாத்துட்டு அவன் என்ன செய்வான்? போட்டா நம்பரோட போடு. இல்லாட்டி எம் போர்டப் போடாத" என்றார்.

வீட்டுக்கு வந்து மறைத்துத்தான் பார்த்தேன். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. சரி, அவர் ஆசை என்று நம்பரை அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று அம்மா காலையிலிருந்தே என்னை விரட்டினாள். மேசைக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்துப் பால் காய்ச்சினாள். லேப்டாப் மூடியில் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள். பொத்தானை அப்பாதான் அழுத்த வேண்டும் என்றேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் அழுத்திவிட்டு, "அம்புட்டுத்தானா?" என்றார். அம்புட்டுத்தான். அந்த வெள்ளைப் பக்கம் உலகத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. அம்மா சர்க்கரை போட்ட பாலை டம்ளரில் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பதினொரு மணிக்குப் போன் மணி அடித்தது. ஃபாரத்திலிருந்து முதல் செய்தி. எடுத்துப் பார்த்தேன். ஊர், மார்க்கையன்கோட்டை. எழுதியவர் எங்கள் சித்தப்பா. என்ன வேலை ஆக வேண்டும் என்ற இடத்தில், 'வேலை ஒன்றும் இல்லை. சும்மா பார்க்க வந்தோம். மென்மேலும் வளர்க' என்றிருந்தது.

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த மணி. ஆண்டிபட்டி. அடுத்தது உத்தமபாளையம். அடுத்தது வைகை அணையில் இருக்கிற அத்தை. என்ன வேலை ஆக வேண்டும் என்பதற்கு, மாமாவுக்குப் பென்ஷன் வேலை ஒன்று ரொம்ப நாளாக நிற்கிறது என்று உண்மையாகவே பதில் எழுதியிருந்தாள். மணி நிற்கவே இல்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்து, போனில் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பைத் திறந்து பார்த்தேன். மண்டிக்குப் போன அப்பா அங்கிருந்தே ஒரு செய்தி போட்டிருந்தார்.

'எனது மகளின் வெப்சைட் திறப்பு விழா இன்று காலை இனிதே நடைபெற்றது. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகிறேன். கடைசிப் பக்கத்தில் தங்கள் வருகையைத் தவறாமல் பதிவு செய்யவும்.'

பெயரையும் ஊரையும் கேட்டால் எங்கள் ஆட்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பெயரையும் ஊரையும் எழுதாமல் திரும்புவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. வந்ததாகவே கணக்கில் வராது. குடும்பத்துக்கு ஒருவர் எழுதினால் போதும் என்றும் யாரும் நினைக்கவில்லை. தனிக்குடித்தனம் போன மகன் தனியாக, துபாயில் இருக்கிற மருமகன் தனியாக, போன மாதம் பிறந்த பேத்தி தனியாக. நான் பதில் அனுப்பாததால் கவனிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் வந்து போனவர்களும் உண்டு.

மத்தியானம் வரைக்கும் அது எனக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். யார் வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்று அவள் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் மணி அடிப்பது நின்றது. எல்லோரும் வந்து முடித்துவிட்டார்கள், இனி அடிப்பது அந்த மலையாளத்து அம்மாவாகத்தான் இருக்கும் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். அடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே மெயிலைப் பார்த்தேன். அந்த ஃபாரம் சேவையிலிருந்து ஒரு கடிதம். இலவசமாக இருப்பவர்களுக்கு மாதத்துக்கு இவ்வளவு செய்திதான், உங்கள் பங்கு நேற்று மாலையோடு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வரை யார் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஓடிப்போய், முகப்புப் பக்கத்திலேயே என் மெயில் முகவரியைப் பெரிதாகப் போட்டேன். ஆனால் நேற்று ராத்திரியே அந்த அம்மா வந்து பார்த்து, எழுதி அனுப்பி, அது போகாமல், சரி இவளுக்கு வேலை வேண்டாம் போல என்று கொச்சிக்காரரிடம் கொடுத்திருந்தால்? நாளைக்கு அவர் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை நான் பெங்களூருக்குச் சரி என்று எழுத வேண்டும். சொந்தக்காரர்கள் மொத்தமும் வாழ்த்தி வாழ்த்தியே என்னை ஊரைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

சட்டை போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "இதென்ன கல்யாண மண்டபமாப்பா? ஊரக் கூட்டிப் பந்தி வச்சா பொழப்பு நடக்குமா?" என்று கத்தினேன். என்ன நடந்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசிப் பொத்தானை மாட்டாமலேயே நின்றார். "எனக்குத் தெரியாதுத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். அந்த அம்மாவை அன்றைக்கு அழைத்து வந்த புரோக்கரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். அவர் டவர் இல்லாத தோட்டம் எதிலோ இருந்தார்.

உச்சி வெயிலில் போன் அடித்தது. கோம்பை நாய்க்காரர்.

"ஏத்தா, ஒன் வேல காலைல எனக்கு அரைநாளத் தின்னுருச்சு" என்று ஆரம்பித்தார். "ஒரு மலையாளத்தம்மா போன் போட்டாக. கம்ப்யூட்டர்ல எம் போர்டப் பாத்தாகளாம். நாய்க்குத்தான் கேக்குறாகன்னு நெனச்சு, குட்டி எத்தன, எப்பப் போட்டது, என்ன தீனின்னு எல்லாஞ் சொல்லி முடிச்சேன். பெறகு பாத்தா, நாய் வேணாமாம். நாய வரஞ்ச புள்ள வேணுமாம்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னேன். அந்தக் காது வர்ற வரைக்கும் எந் நாய்க்கு முன்னாடியே அந்தப் புள்ள குத்த வச்சுக் கெடந்துச்சு, கடசீல அந்தப் புள்ளயப் பாத்தா நாய் கொலைக்கிறதையே விட்ருச்சுன்னேன். சிரிச்சாக. ஒன் நம்பரக் கேட்டாக. பொம்பளப்புள்ள நம்பர யாரு எவருன்னு தெரியாமக் குடுக்க முடியுமா? குடுக்கல."

"ஐயையோ, குடுத்திருக்கலாம்லண்ணே."

"பொறுத்தா. அவுக நம்பர் இங்கனதான் கெடக்கு. நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்னேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். பேனா கிடைக்காமல் அம்மாவின் காலண்டரில் அவள் பொட்டு வைக்கிற குங்குமப் பென்சிலால் எழுதினேன். எழுதிய கையோடு போன் போட்டேன்.

"மோளே, உன்னைப் பிடிக்க இத்தர பாடா?" என்றுதான் அந்த அம்மா எடுத்ததுமே சொன்னார். நேற்று ராத்திரி ஃபாரத்தை எழுதி எழுதி அனுப்பியிருக்கிறார், போகவில்லை. போன் நம்பர் எங்கேயாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறார். எல்லாப் படத்திலும் நம்பர் மங்கல். நாய்ப் படத்தில் மட்டும் தலைக்குச் சமமாகப் பளிச்சென்று ஒரு நம்பர். அது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்த ஆள் தன்னைப் பேசவே விடவில்லை என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

நான் என் வேலைகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மனப்பாடமாக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம். கொச்சிக்காரங்க சைட்டும் நல்ல சைட்டுதான். ஆனா அவங்க யாருக்கு வேலை செஞ்சு கொடுத்தாங்களோ அந்த ஆள் யாரும் இத்தர நேரம் அவங்களைப் பத்திப் பேசினதில்லை. நான் வர ஒரு மாசம் ஆகும். நாளன்னைக்குத் தோட்டத்துக்கு வா, மேனேஜர் சுத்திக் காட்டுவான். ஏலச்செடிக்கு முன்னாடியும் அதுபோல உட்காரு" என்றார்.

போனை வைத்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அவளைப் பிடித்துச் சுற்றினேன். என்னடி, என்னடி என்றவளுக்கு விஷயம் புரிந்ததும், அவள் முதலில் கேட்டது, அந்த நாய்க்காரருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டாமா என்பதுதான். பெங்களூருக்கு அன்றைக்கே எழுதினேன். மன்னிக்கவும், எனக்கு இங்கே வேலை இருக்கிறது. அந்த வரியை எழுதிவிட்டு, அனுப்பாமல் கொஞ்ச நேரம் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அனுப்பினேன்.

அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். காலையில் நான் போட்ட சத்தம் இன்னும் முகத்தில் இருந்தது. சாப்பிட உட்காராமல், புரோக்கர் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிவிடுவார், எப்படியாவது நம்பரை வாங்கிவிடலாம் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாய், நம்பர், தோட்டம், பெங்களூருக்கு எழுதியது எல்லாம். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணிலிருந்து அந்த நீலப் பெட்டியை இறக்கினார். துண்டால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

எங்கே என்று கேட்டேன்.

"தேனிக்கு. குடுத்துட்டு வந்துர்றேன்."

வாங்கின பெட்டியை எந்தக் கடையில் திருப்பி எடுப்பார்கள் என்று அம்மா கேட்டாள்.

"எடுத்துக்குவாக. கவரப் பிரிக்காம, அட்டையக் கிழிக்காமக் கொண்டு வந்தா எடுத்துக்குறோம்னு சொன்னாக."

"எப்பச் சொன்னாக?" என்றேன்.

"வாங்குறப்பவே கேட்டு வச்சுக்கிட்டேன்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போகாமல் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வண்டியின் பின்சீட்டில் வைத்துக் கயிறு கட்ட ஆரம்பித்தார். நான் போய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.